நத்தையோடு வரும் குளம்: உணவுச்சங்கிலிப் பாடத்திற்கு ஒரு துணைக் கட்டுரை

ஆக்சலாட்டல் என்ற பெயரை ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ சொல்லிப் பாருங்கள். பாடநூலில் அதைப் பார்த்திராத மாணவரும் "மைன்கிராஃப்ட்ல வருமே, சார்!" என்று எழுந்து நிற்பார். 2021-ஆம் ஆண்டில் அந்தக் கணினி விளையாட்டில் சேர்க்கப்பட்டது முதல், மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ நீர்நிலைகளில் வாழும் இந்தச் சாலமாண்டரை உலகெங்கும் குழந்தைகள் அறிந்திருக்கிறார்கள். இருவாழ்விகள் என்றால் தவளை, தேரை என்று இரண்டோடு நிறுத்திவிடும் வகுப்பறைக்கு இது ஒரு நல்ல வாசல். "அது என்ன சாப்பிடும், மிஸ்?" என்பது அடுத்த கேள்வியாக வரும்.

மண்புழு, கொசுப்புழு, நீர்த்தெள்ளு, நத்தை என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தப் பட்டியலில் உள்ள 'நத்தை' என்ற ஒரு சொல்லில் சற்று நின்று பார்ப்போம். நடுநிலை வகுப்பின் உணவுச்சங்கிலி, உயர்நிலை வகுப்பின் அமிலங்கள், மேல்நிலை வகுப்பின் ஒட்டுண்ணி வாழ்க்கைச் சுழற்சி ஆகிய மூன்றையும் அந்தச் சொல்லிலிருந்து தொடங்கி நடத்த முடியும்.

முதலில் விலங்கைப் பற்றிச் சில வரிகள். வளர்ந்த தவளைக்கு வால் இல்லை. சாலமாண்டர்களுக்கும், அவற்றில் ஒரு பிரிவான நியூட்டுகளுக்கும் வாழ்நாள் முழுவதும் வால் உண்டு. பார்ப்பதற்குப் பல்லி போல் இருப்பதால் மாணவர்கள் ஊர்வன வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். செதில் இல்லாத ஈரத் தோல், நீரில் இடும் கூழ் போன்ற முட்டை, செவுளோடு வாழும் இளம் பருவம் ஆகியவற்றைக் காட்டினால் தாங்களே திருத்திக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் சாலமாண்டர்கள் இயற்கையாக இல்லை. இந்தியாவில் டார்ஜிலிங், சிக்கிம், வடகிழக்கு மலைப்பகுதிகளில் இமயமலை நியூட்டும் அதன் நெருங்கிய உறவுகளும் வாழ்கின்றன. அவற்றைப் பிடிக்கவோ வளர்க்கவோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களில் ஊர்க் குளத்திலேயே நியூட் இருக்கும். ஆக்சலாட்டல், புலிச் சாலமாண்டர், ஜப்பானின் சிவப்பு வயிற்று நியூட் போன்றவற்றை வீட்டுத் தொட்டியிலும் வளர்ப்பார்கள். பள்ளியில் நியூட் வளர்க்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் இல்லை. நமக்குத் தேவையான விலங்கு நத்தைதான். அது நம் ஊர்க் குளத்திலேயே இருக்கிறது.

ஓடு என்ன ஆகிறது?

நியூட்டின் வாயில் பற்கள் உண்டு. மிகச் சிறியவை. இரை நழுவாமல் பிடித்துக்கொள்ள உதவும்; மெல்ல உதவாது. நீருக்குள் இருக்கும் நியூட் வாயைச் சட்டென்று திறக்கும்போது நீரோடு சேர்ந்து இரையும் உள்ளே இழுக்கப்படுகிறது. பிறகு விழுங்குவதுதான். ஆமை நத்தை ஓட்டை நொறுக்கித் தின்னும். பேத்தை மீனும் அப்படியே. நியூட்டுக்கு அந்த வசதி கிடையாது. சிறு நத்தை என்றால் ஓட்டோடு முழுதாக உள்ளே போகிறது.

ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு, நீர், கார்பன் டைஆக்சைடு. பத்தாம் வகுப்பு மாணவர் சோதனைக் குழாயில் சுண்ணாம்புக்கல் துண்டை வைத்துச் செய்யும் அதே வினைதான். கரைந்த கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ளும். கரையாத துண்டுகள் எச்சத்தோடு வெளியேறும்.

இது ஏன் முக்கியம் என்றால், வீட்டில் வளர்க்கப்படும் இருவாழ்விகளுக்கு வரும் குறைபாடுகளில் ஒன்று கால்சியம் பற்றாக்குறை. கடையில் வாங்கிப் போடும் சிள்வண்டு போன்ற பூச்சிகளில் பாஸ்பரஸ் கூடுதலாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் இருக்கும். அவற்றையே தொடர்ந்து தின்றால், இரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். எலும்பு மென்மையாகி, தாடையும் முதுகுத்தண்டும் வளையும். வைட்டமின் டி குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் பற்றி நாம் நடத்துவதற்கு இது நெருங்கிய உறவு. ஓட்டோடு விழுங்கப்படும் நத்தை, இறைச்சியும் சுண்ணாம்பும் சேர்ந்த உணவு. குளத்தில் வாழும் நியூட் யாரும் சொல்லித்தராமலேயே அதைத் தின்கிறது.

வகுப்பில் செய்துபார்க்க எளிது. குளக்கரையில் கிடைக்கும் வெற்று நத்தை ஓடுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, உலர்த்தி, எடை பார்த்து, வினிகரில் போடுங்கள். குமிழி வரும். மறுநாள் எடுத்துக் கழுவி உலர்த்தி மீண்டும் எடை பாருங்கள். முழு ஓட்டையும், பொடித்த ஓட்டையும் தனித்தனியே போட்டால் எது விரைவில் கரைகிறது என்ற கேள்வி தானாக வரும். பரப்பளவும் வினை வேகமும் பற்றி நடத்தாமலேயே நடத்திவிடலாம். ஓடு கரைந்த பிறகு மெல்லிய தோல் போன்ற ஏடு மிஞ்சினால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஓட்டின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் புரதப் படலம் அது. அமிலத்தில் கரையாது.

எந்த நத்தை?

நம் வயலிலும் குளத்திலும் கிடைக்கும் பெரிய ஆப்பிள் நத்தை, அதாவது விலங்கியல் பாடத்தில் வரும் பைலா, நியூட்டுக்கு ஆகாது. அதன் பாதத்தின் மேல் கெட்டியான ஒரு மூடி உண்டு. உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். கோடையில் சேற்றுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்க அந்தக் கதவு உதவுகிறது. அளவும் பெரிது. நியூட்டின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய இரையைப் போடக்கூடாது என்பது வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அதைவிடப் பெரிய ஓடு குடலில் சிக்கிக்கொள்ளலாம்.

மூடியில்லாத நத்தைகள் வேறு. வட்டில் போல் தட்டையாகச் சுருண்ட நத்தையை மீன் கடைகளில் ராம்ஸ்ஹார்ன் என்பார்கள். கூர்மையான ஓடுடைய லிம்னியா, இடப்பக்கமாகச் சுருண்ட பைசா ஆகியவையும் மூடியற்றவை. இவை நீரில் வாழ்ந்தாலும் காற்றைத்தான் சுவாசிக்கின்றன. மேலே வந்து வந்து போகும். தட்டை நத்தையின் இரத்தத்தில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால் சில நத்தைகளின் உடல் செக்கச்செவேலென்று தெரியும். நத்தை என்றாலே நீல இரத்தம் என்று படித்த மாணவருக்கு இதைக் காட்டினால் ஒரு பீரியட் முழுவதும் பேசுவார்.

ஓடு மெலிந்த, மூடியற்ற, சிறிய நத்தை. நியூட்டுக்கு ஏற்ற இரை கிடைத்துவிட்டது. அது எங்கே நிறையக் கிடைக்கும்? குளத்தில். ஒரு வலையை எடுத்துப்போய் நாலு நத்தை அள்ளிவந்து தொட்டியில் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் வளர்ப்பவருக்குத் தோன்றும். பாடம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

ஆறு கால் தவளை

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹென்டர்சன் என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு பள்ளி ஆசிரியை தம் மாணவர்களை இயற்கைப் பாடத்துக்காக ஒரு பண்ணைக் குளத்துக்கு அழைத்துப் போனார். மாணவர்கள் தவளை பிடித்தார்கள். ஒன்றின் பின்கால் கோணலாக இருந்தது. ஏதோ அடிபட்டிருக்கும் என்று நினைத்தார்கள். அடுத்ததும் அப்படியே. கால் இல்லாதவை, கூடுதல் கால் முளைத்தவை என்று, பிடித்தவற்றில் ஏறத்தாழப் பாதி உருக்குறையோடு இருந்தன. மாணவர்கள் எண்ணிக் குறித்துவைத்தார்கள். மாநில அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்தும் இத்தகைய தவளைகள் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. ஒரு பள்ளிக் களப்பயணம் ஒரு நாட்டையே குளத்துக்குள் எட்டிப் பார்க்க வைத்தது.

பூச்சிமருந்தாக இருக்குமோ, ஓசோன் படலம் மெலிந்து புற ஊதாக் கதிர் கூடியதோ என்று பல ஐயங்கள். விடையின் ஒரு பகுதி 1990-இலேயே வெளியாகியிருந்தது. அதுவும் ஒரு சாலமாண்டரிடமிருந்து. வடக்குக் கலிபோர்னியாவில் கூடுதல் கால்களோடு காணப்பட்ட மரத்தவளைகளையும் நீள்விரல் சாலமாண்டர்களையும் ஸ்டான்லி செஷன்ஸ், ஸ்டீபன் ரூத் என்ற இரு ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். கால் முளைக்கும் இடங்களில் தட்டைப்புழுவின் நுண்ணிய கூடுகள் நிறைந்திருந்தன. கூடு ஏதாவது நச்சைச் சுரக்கிறதா, அல்லது அங்கே இருப்பதே தொல்லையா? ஆய்வாளர்கள் வளரும் ஆக்சலாட்டல்களின் கால் மொட்டில், புழுக்கூட்டின் அளவே உள்ள பிசின் மணிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு தீங்கும் சுரக்காத வெறும் மணி. அதற்கே கால் தாறுமாறாக வளர்ந்தது.

இங்கே ஒரு கூர்மையான மாணவர் கேட்பார்: "சாலமாண்டர் வெட்டுப்பட்ட காலையே திரும்ப வளர்த்துக்கொள்ளுமாமே, அதற்கு ஏன் இப்படி?" கேட்காவிட்டால் நாமே கேட்டுவிடலாம். கால் மொட்டில் உள்ள ஒவ்வொரு செல்லும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே தான் என்னவாக வேண்டும் என்று முடிவு செய்கிறது. நடுவில் ஒரு மணி வந்து உட்கார்ந்தால், அருகருகே இருக்க வேண்டிய செல்கள் பிரிந்து, இருக்கக்கூடாத செல்கள் அண்டைவீட்டார் ஆகிவிடுகின்றன. இடையில் 'காணாமல் போன' பகுதியை நிரப்ப அவை முயலும். அந்த முயற்சிதான் கூடுதல் காலாகிறது. காலை மீட்டுத் தரும் அதே திறமை இங்கே வேண்டாத காலையும் தருகிறது.

அந்தப் புழுவின் பெயர் ரிபெய்ரோயா. அதன் கதையில் நத்தை நுழைவது இப்படி. வளர்ந்த புழு நீர்ப்பறவையின் வயிற்றில் வாழும். பறவை எச்சமிட, முட்டை குளத்துக்கு வரும். முட்டையிலிருந்து வெளிவரும் மிராசிடியம் தட்டையாகச் சுருண்ட ஒருவகை நத்தையைத் தேடிப் புகும். நத்தைக்குள் அது பெருகும். எவ்வளவு என்றால், நத்தையின் இனப்பெருக்க உறுப்புப் பகுதியையே ஆக்கிரமித்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த நத்தை முட்டை இடுவதில்லை. பார்வைக்கு நத்தை, உள்ளே புழுத் தொழிற்சாலை. இரவுதோறும் அதிலிருந்து செர்கேரியாக்கள் எனும் வாலுள்ள நுண்புழுக்கள் நீரில் வெளியேறி, தலைப்பிரட்டையையும் சாலமாண்டர் இளவுயிரிகளையும் தேடி நீந்தும். பின்கால் முளைக்கும் இடத்தில் தோலைத் துளைத்து உள்ளே போய்க் கூடு கட்டும். உருக்குறைந்த தவளை வேகமாகத் தாவ முடியாது. நாரைக்கும் கொக்குக்கும் எளிதில் சிக்கும். பறவை விழுங்கியதும் புழு மீண்டும் பறவையின் வயிற்றுக்கு வந்துவிடுகிறது.

1999-இல் பீட்டர் ஜான்சனும் அவருடைய குழுவினரும் இதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வை, 'நியாயமான சோதனை' என்றால் என்ன என்று விளக்க நான் பரிந்துரைப்பேன். தலைப்பிரட்டைகள் சிலவற்றுக்குச் செர்கேரியா இல்லை. மற்றவற்றுக்கு 16, 32, 48 என்று எண்ணி விட்டார்கள். எண்ணிக்கை கூடக்கூட உருக்குறைகள் கூடின. உயிர் பிழைத்தவை குறைந்தன. இன்னொரு பிரிவுக்கு வேறொரு இனப் புழுவின் செர்கேரியாக்களை விட்டார்கள். அங்கே கால்கள் சரியாக வளர்ந்தன. 'ஏதோ ஒரு புழு' இல்லை, 'இந்தப் புழு' என்று சொல்ல அந்தக் கடைசிப் பிரிவுதான் உதவியது. நம் மாணவர்கள் செயல்திட்டங்களில் விட்டுவிடுவது பெரும்பாலும் அத்தகைய பிரிவைத்தான்.

மினசோட்டாவின் அந்தப் பண்ணைக் குளத்துக்கு இதுவே முழு விடை என்று சொல்லிவிடக் கூடாது. எல்லாக் குளங்களிலும் இந்தப் புழு கண்டறியப்படவில்லை. மேற்கு மாநிலங்களில் பல கால்கள் முளைத்த தவளைகளுக்கு இதுவே முக்கியக் காரணம் என்பது உறுதியானது. 2007-இல் வந்த மற்றொரு ஆய்வு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. நைட்ரஜனும் பாஸ்பரசும் குளத்தில் கூடினால் பாசி கூடும்; பாசி கூடினால் நத்தை கூடும்; நத்தை கூடினால் செர்கேரியா கூடும். வயலுக்கு இட்ட உரம் தவளையின் காலைத் தொடுவது இந்த வழியில்.

கரும்பலகையில் இரண்டாவது அம்பு

இப்போது உணவு வலையை வரையச் சொல்லுங்கள். பாசியிலிருந்து நத்தைக்கு ஓர் அம்பு. பாசியிலிருந்து தலைப்பிரட்டைக்கு ஓர் அம்பு. நத்தையிலிருந்து நியூட்டுக்கு, தலைப்பிரட்டையிலிருந்து நியூட்டுக்கு, எல்லாவற்றிலிருந்தும் கொக்குக்கு. சரியான படம்தான். அதில் நத்தைக்கும் தலைப்பிரட்டைக்கும் நடுவே ஒரு கோடும் இல்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்றையொன்று தின்பதில்லை. இரண்டும் ஒரே ஊட்ட நிலையில் இருந்துகொண்டு ஒரே பாசியைச் சுரண்டும் பங்காளிகள். பிறகு சிவப்புச் சுண்ணக்கட்டியால் புழுவின் பாதையைப் போடச் சொல்லுங்கள். பறவையிலிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து தலைப்பிரட்டைக்கு, அங்கிருந்து பறவைக்கு. வெள்ளை அம்பு இல்லாத இடத்தில் சிவப்பு அம்பு ஓடுகிறது. உச்சியில் உள்ள பறவையிலிருந்து அடியில் உள்ள நத்தைக்குத் தலைகீழாகவும் ஓடுகிறது. ஆற்றல் போகும் வழி ஒன்று, நோய் போகும் வழி இன்னொன்று என்பது அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரியும். என் கணிப்பில், உணவு வலை பற்றி நாம் வழக்கமாக நடத்துவதில் விடுபடும் பெரிய செய்தி இதுதான்.

இனி நத்தை அள்ளி வந்தவரின் தொட்டிக்குத் திரும்புவோம். அவர் போட்ட நான்கு நத்தைகளில் நியூட் ஒன்றைத் தின்றது. எது ஆபத்து? மாணவர்கள் தின்ற நத்தையைச் சொல்வார்கள். ரிபெய்ரோயாவைப் பொறுத்தவரை தின்னாமல் விட்ட மூன்றும்தான் ஆபத்து. அதன் செர்கேரியா வாய்வழியே தேடி வருவதில்லை. தோலைத் துளைத்து வருகிறது. குளத்தின் பரப்பில் சிதறிப்போகும் நுண்புழுக்கள், சின்னத் தொட்டியில் வேறு போக்கிடம் இல்லாமல் ஒரே விலங்கின் மேல் மொய்க்கும். அதிலும் கால் முளைக்கும் பருவத்தில் உள்ள இளவுயிரிகள் இருந்தால் விளைவு கடுமை.

வாய்வழியே வரும் புழுக்களும் உண்டு. எலியின் நுரையீரல் புழு அவற்றில் ஒன்று. எலியின் கழிவிலிருந்து நிலநத்தைக்கும், நத்தையிலிருந்து எலிக்கும் மாறி மாறிப் போகும் புழு அது. நத்தையைத் தின்ற தவளையின் உடலில் வளராமல், சாகாமல், காத்துக்கிடக்கும். தோட்டத்து நத்தைகளைச் சாலமாண்டருக்குப் போடுவதில் இன்னொரு சிக்கலும் உள்ளது. நத்தை மருந்து வைத்த தோட்டமாக இருந்தால், மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு நத்தையோடு சேர்ந்து வரலாம். மீன்தொட்டியில் நத்தையைக் கொல்ல விற்கும் மருந்துகளில் பல, தாமிரம் கலந்தவை. இருவாழ்விகளின் மெல்லிய தோலுக்குத் தாமிரம் ஆகாது.

அப்படியானால் நத்தையே வேண்டாமா? வேண்டும். வழி சுழற்சியிலேயே இருக்கிறது. புழு நத்தைக்குள் எப்படி வந்தது என்று கேளுங்கள். பறவை எச்சத்திலிருந்து வந்த மிராசிடியம் நீரில் நீந்திப் புகுந்தது. தாய் நத்தையிடமிருந்து முட்டை வழியாக வரவில்லை. இத்தகைய தட்டைப்புழுக்கள் நத்தையின் முட்டைக்குள் போவதில்லை. எனவே குளத்து நத்தையின் முட்டைத் திரளை மட்டும் பிரித்து, சுத்தமான நீரில் கழுவி, வேறு பாத்திரத்தில் பொரிக்கவிட்டால், வரும் குஞ்சுகளில் இந்தப் புழு இருக்காது. பறவை எட்டாத தொட்டியில் வளர்வதால் பிறகும் வராது. விவரமான வளர்ப்பாளர்கள் தங்கள் இரை நத்தைகளைத் தனித் தொட்டியில் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பதன் காரணம் இதுவே. சுழற்சியின் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் சுழற்சி நின்றுவிடும் என்று மலேரியாவுக்கும் யானைக்கால் நோய்க்கும் நாம் சொல்வது இங்கேயும் பொருந்துகிறது.

நம் குளத்து நத்தை

ரிபெய்ரோயா அமெரிக்கக் கண்டத்தின் கதை. ஆனால் நத்தையை இடைநிலை விருந்தோம்பியாகக் கொண்ட புழுக்கள் நம்மிடமும் தாராளமாக உண்டு. நம் ஊர்க் குளம், வாய்க்கால், கண்மாய்களில் காணப்படும் தட்டை நத்தையான இண்டோபிளானார்பிஸ், மாட்டின் இரத்தக்குழாய்களில் வாழும் சிஸ்டோசோமா புழுக்களைச் சுமக்கிறது. அவற்றில் ஓர் இனம் மாட்டின் மூக்கில் கட்டிகளை உண்டாக்கும். மாடு மூச்சுவிடும்போது குறட்டை போன்ற ஒலி வரும். கிராமத்து மாணவர்களில் அந்த ஒலியைக் கேட்டவர்கள் இருப்பார்கள். அதே நத்தையிலிருந்து வரும் செர்கேரியா மனிதத் தோலிலும் துளைக்க முயலும். நம் உடலில் அதனால் வளர முடியாது, தோலிலேயே இறந்துவிடும். ஆனால் கடும் அரிப்பும் சிவந்த தடிப்பும் வரும். குளத்தில் மாடு குளிப்பாட்டியவருக்கும் நாற்று நட்டவருக்கும் காலில் வரும் அரிப்புக்கு இதுவும் ஒரு காரணம். லிம்னியா வகை நத்தையோ, தட்டைப்புழுத் தொகுதிக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்லும் கல்லீரல் புழுவைச் சுமக்கிறது.

மழைக்காலத்தில் சுவரெங்கும் ஏறும் ஆப்பிரிக்கப் பெருநத்தையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1847-இல் மொரீஷியசிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இது, இப்போது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தோட்டங்களில் பெருகிக் கிடக்கிறது. எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது. அந்தப் புழு மனித உடலுக்குள் போனால் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். குழந்தைகள் வெறும் கையால் இதை எடுத்து விளையாடுவதை நாம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே உண்ண வேண்டும். வயல் நத்தையைச் சமைத்து உண்ணும் வீடுகளை இதில் குறையாகப் பேச ஒன்றுமில்லை. நன்றாக வேகவைத்த நத்தையில் புழு உயிரோடு இருக்காது.

முட்டையிலிருந்து ஒரு தொடக்கம்

வகுப்பறையில் செய்ய ஏற்றது முட்டைத் திரளை வளர்ப்பதுதான். மாணவர்களைக் குளத்தில் இறக்க வேண்டாம். ஆகாயத்தாமரை, அல்லி போன்றவற்றின் இலையின் அடிப்பக்கத்தில், கண்ணாடி போன்ற கூழுக்குள் புள்ளி புள்ளியாகத் தெரியும் திரள்கள்தான் நமக்குத் தேவை. கையுறை அணிந்த ஆசிரியர் இலையோடு நறுக்கி எடுத்து வரலாம். பள்ளிக்கு வந்ததும் இலையைத் தவிர்த்து, திரளை மட்டும் தேக்கரண்டியால் வழித்தெடுத்து, ஒருநாள் வெயிலில் வைத்த குழாய் நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கண்ணாடிப் புட்டியில் இடுங்கள். குளத்து நீரை அதே புட்டியில் ஊற்றினால் செய்த வேலை வீண்.

கை லென்ஸ் போதும். சில நாள்களில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கரு மெல்லச் சுழல்வதைக் காணலாம். குட்டி ஓடு தெரியும். பிறகு இதயம் துடிப்பது தெரியும். மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். வெப்பநிலையைப் பொறுத்து ஓரிரு வாரங்களில் பொரிக்கும். பொரித்த பின் இரண்டு புட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் கழுவிய முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போட்டுவையுங்கள். வெந்த கீரையே உணவு. ஆறேழு வாரம் கழித்து இரண்டு புட்டி நத்தைகளின் ஓட்டையும் லென்சில் ஒப்பிட்டால் கால்சியம் பற்றிய முதல் பகுதிக்குத் திரும்பிவிடலாம். உங்கள் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே கடினநீராக இருந்தால் வேறுபாடு தெரியாமல் போகலாம். அதையும் விடையாக எழுதச் சொல்லுங்கள். மழைநீரில் மறுபடி செய்து பார்க்கலாம்.

எட்டாம் வகுப்பு வரை முட்டை, ஓடு, உணவு வலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புழுவின் பருவங்களின் பெயர்கள் அவர்களுக்குச் சுமை. "பறவை, நத்தை, தலைப்பிரட்டை என மூன்று வீடு மாறும் புழு" என்றாலே போதுமானது. மேல்நிலை மாணவர்களிடம் இன்னும் கொஞ்சம் துருவலாம். புழு தங்கிய நத்தையை முட்டை இடாமல் செய்வதால் புழுவுக்கு என்ன இலாபம்? தவளையின் கால் கோணலாவது தற்செயலா, புழுவுக்கு உதவும் தகவமைப்பா? இரண்டாவது கேள்விக்கு ஒருவரி விடை இல்லை. விவாதமாக விடுங்கள்.

வேலை முடிந்ததும் நத்தைகளைப் பக்கத்துக் குளத்திலோ கிணற்றிலோ கொட்ட வேண்டாம். மீன் கடையில் வாங்கிய நத்தையாக இருந்தால் கட்டாயம் கூடாது. அது எந்த நாட்டினம் என்று நமக்குத் தெரியாது. மூடியிட்ட புட்டியில் அடுத்த ஆண்டு வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மீன்தொட்டி உள்ள பள்ளிக்குக் கொடுக்கலாம். முட்டை எடுத்த இலையையும் அலசிய நீரையும் வெயிலில் முழுதாகக் காயவிட்டு, பிறகு மண்ணில் புதைத்துவிடுங்கள்.